வாசகர் கேள்வி: லேப்டாப் வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

மார்த்தாண்டத்தில் 2009 முதல் லேப்டாப் சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பக்கம் கருங்கல், குளச்சல். இன்னொரு பக்கம் களியக்காவிளை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இரண்டு மாநிலத்து மெஷினும் என் கைக்கு வரும். கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டதால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எந்த லேப்டாப் வாங்க? அதில் ஒரு கடிதத்துக்கு விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். அந்த அண்ணன் கேட்டதில் மற்றவர்கள் கேட்டதும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

கேள்வி: தங்கச்சிக்கு வணக்கம். ரப்பர் பால்வெட்டுதான் எனக்கு வேலை. மகள் பி.காம் சேர்ந்திருக்கிறாள். லேப்டாப் வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். மழை பிடித்துவிட்டால் வெட்டு கிடையாது, அதனால் இப்போது கையில் இருக்கும் 40,000 ரூபாய்தான் கணக்கு. மூன்று கடையில் எழுதி வாங்கிய சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாவதைத்தான் வாங்க வேண்டும் என்று மகன் அடம் பிடிக்கிறான், பாக்கிக்குத் தவணை போடலாமாம். எனக்கு இந்த எழுத்தும் எண்ணும் பிடிபடவில்லை. எதை வாங்க?
— ஒரு வாசகர், அருமனை

பதில்: அண்ணன், மூன்று சீட்டையும் மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கடைப் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் சீட்டு 38,500 ரூபாய். ரைசன் 5 7520யு பிராசசர் (லேப்டாப்பின் மூளை), 8 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்). இரண்டாவது 37,200 ரூபாய். இன்டெல் கோர் ஐ3 1215யு, அதே 8 ஜிபி, அதே 512 ஜிபி. மூன்றாவது 54,990 ரூபாய். கோர் ஐ5 12450ஹெச், 16 ஜிபி, கூடவே 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு (கேம், டிசைன் வேலைக்கான தனிச் சில்லு).

முதல் கடையில் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "அது 3, இது 5. 1,300 ரூபாய்தான் கூடுதல், இதை எடுத்துக்கிடுங்க." 3, 5, 7 என்ற எண் ஒரே கம்பெனியின் ஒரே வருடத்துச் சரக்குக்குள் எது உசத்தி என்று பார்க்கத்தான் உதவும். ஒரு கம்பெனியின் 5-ஐ இன்னொரு கம்பெனியின் 3-க்கு எதிரே நிறுத்தினால் அந்த எண் ஒன்றும் சொல்லாது.

ரைசனில் அந்த நாலு இலக்க எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 2023-ல் ரைசனைச் செய்யும் ஏஎம்டி கம்பெனி எண் வைக்கும் முறையை மாற்றியது. முதல் இலக்கமான 7 வருடத்தைக் குறிக்கும். மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கோர் (பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதி) எந்தத் தலைமுறை என்று காட்டிக்கொடுக்கும். 7520-ல் அது 2, அதாவது 2019-ல் முதலில் வந்த ஜென் 2 வடிவமைப்பு. அதுவே 7530 என்றிருந்தால் ஜென் 3, 7540 என்றிருந்தால் ஜென் 4. 7520-க்கு நாலு கோர், 7530-க்கு ஆறு. இரண்டின் மேலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ரைசன் 5 தான். உங்கள் இரண்டாவது சீட்டில் உள்ள ஐ3 1215யு-வில் பெரிய கோர் இரண்டு, சின்னக் கோர் நாலு, ஆக ஆறு. மகள் செய்யப்போகும் டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்புக்கு இரண்டில் எதுவும் போதும். அதனால் பிராசசரை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

முடிவெடுக்க வேண்டிய இடம் ரேம். இரண்டு சீட்டிலும் 8 ஜிபி என்றே எழுதியிருக்கிறது. ஆனால் 7520யு போட்டு வருகிற லேப்டாப்பில் ரேம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கும். நாளைக்குப் போதவில்லை என்றால் ஏற்ற வழி கிடையாது, என்னாலும் முடியாது. இரண்டாவது மாடலில் ரேம் ஒரு ஸ்லாட்டில் குச்சியாகச் செருகியிருக்கிறது, பக்கத்தில் இன்னொரு ஸ்லாட் காலி. சீட்டில் இருக்கும் மாடல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். அங்கே எல்லா மாடலுக்கும் இந்த விவரம் உண்டு, யாரும் பார்க்கலாம்.

8 ஜிபி என்று பணம் கொடுத்தாலும் திரைக்காக ஒரு பங்கை லேப்டாப் ஒதுக்கிக்கொள்ளும். 7.4, 7.7 என்று காட்டுவது அதனால்தான். விண்டோஸ் 11 திறந்து நின்றாலே ஏறக்குறைய 4 ஜிபி போய்விடும். மிச்சத்தில் வகுப்பு ஒரு பக்கம், குரோமில் பத்துப் பக்கம், டேலி ஒரு பக்கம். இன்றைக்குத் தள்ளிவிடலாம். பி.காம் மூன்று வருடம், மேலே எம்.காம் என்றால் ஐந்து வருடம். ஐந்தாவது வருடத்தில் 8 ஜிபி திணறும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கொண்டிருப்பதால், இப்போதே கூட ஒரு 8 போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போடுவதற்கு இடம் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். போடும்போது வாரண்டி காலமாக இருந்தால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வெளியே திறந்தால் பிறகு வாரண்டி கேட்கப் போகும்போது வாக்குவாதம் வரும்.

லேப்டாப் வாங்குகிறவர்களிடம் நான் எப்போதும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வேன். ரேமும் எஸ்எஸ்டியும் ஸ்லாட்டில் இருந்தால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், பேட்டரியும் மாற்றலாம். திரை, கீபோர்டு, மூடியைத் தாங்கும் கீல், உடம்பு, இவை வாங்கிய அன்றைக்கு எப்படியோ கடைசிவரை அப்படித்தான். மாற்றினால் லேப்டாப் விலையில் கால்வாசி போகும். ஆகவே பணத்தை முதலில் அங்கே கொடுங்கள்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். 2008-ல் டிப்ளமோ முடித்த கையோடு, அம்மையின் இரண்டு வளையலைப் பணயம் வைத்து 31,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். திருவனந்தபுரத்தில் ஒரு கடை. பிராசசர் பெயரையும் ஹார்டு டிஸ்க் அளவையும் மட்டும் கேட்டேன். மூடியை ஒரு தடவைகூட நானாகத் திறந்து பார்க்கவில்லை. பதினான்காவது மாதம் இடது பக்கக் கீல் முறிந்தது. கீலைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பெயர்ந்து, திரைக்குப் போகும் கேபிளையும் அறுத்துவிட்டது. வாரண்டி பன்னிரண்டு மாதம். 9,000 ரூபாய் கேட்டார்கள், சாமான் வர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் எனக்கு வருவதாக இருந்த டைப்பிங் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. பிராசசருக்கு ஒரு கேடும் இல்லை, அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த உடம்பைத் திறந்து பார்த்ததில்தான் இந்த வேலையே எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் வளையல் மீட்க மூன்று வருடம் ஆயிற்று. உங்கள் 40,000-ஐ நினைக்கும்போது எனக்கு அந்த வளையல்தான் ஞாபகம் வருகிறது.

அதனால் கடைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூடியின் ஒரு மூலையை மட்டும் பிடித்து அவளைத் திறக்கச் சொல்லுங்கள். முறுக்குச் சத்தம் வரக் கூடாது, மூடி கோணக் கூடாது. கீபோர்டின் நடுவில் விரலால் அழுத்துங்கள். குழிந்தால் உடம்பு லேசு என்று அர்த்தம். பிறகு திரை. மூன்று சீட்டிலும் "15.6 எஃப்ஹெச்டி" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அது 1920-க்கு 1080 புள்ளி என்ற அளவு, அவ்வளவுதான். திரை டிஎன் வகையா ஐபிஎஸ் வகையா என்று எழுதவில்லை. கேட்கவும் வேண்டாம், பார்த்தாலே தெரியும். ஒரு ஃபோட்டோவைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள், மூடியை முன்னும் பின்னும் சாயுங்கள். முகம் கறுத்து நிறம் புரண்டால் அது டிஎன். ஐபிஎஸ் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். தினம் மூன்று மணி நேரம் கண்ணை அதில் வைக்கப்போகிறவள் உங்கள் மகள். வெளிச்சத்துக்கு நிட்ஸ் என்று ஒரு அளவு உண்டு. 250 என்றால் வீட்டுக்குள் சரி, திண்ணையில் வைத்துப் படிக்க 300-க்கு மேல் வேண்டும்.

பேட்டரிக்குக் கடைக்காரர் "எட்டு மணி நேரம் நிற்கும்" என்பார். வாட்-ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு, எத்தனை என்று கேளுங்கள். வைஃபை போட்டு எழுத்து வேலை செய்யும்போது பிராசசர் எண்ணின் கடைசியில் யு எழுத்துள்ள லேப்டாப் என் மேசையில் 8 வாட் அளவுக்கு இழுக்கிறது. 42 வாட்-ஹவர் பேட்டரியை அந்த 8-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரம். கையால் போடுகிற கணக்குதான், விளம்பரத்தைவிட இது உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

இனி மூன்றாவது. மகனிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். தம்பி, ஹெச் எழுத்து பிராசசர் 45 வாட் வகை, யு 15 வாட் வகை. அக்காளின் டேலிக்கு அந்த கிராஃபிக்ஸ் கார்டு ஒரு துளிகூட வேலை செய்யாது. ஆனால் அதன் பாரமும் சூடும் தினமும் கூடவே வரும். அந்த மெஷின் இரண்டேகால் கிலோவுக்குக் குறையாது, சார்ஜர் தனியாக அரைக் கிலோ. அருமனையிலிருந்து நின்றுகொண்டு பஸ்ஸில் போகிறவள் அவள். நீ நாளைக்கு டிசைனோ என்ஜினீயரிங்கோ படித்தால் அந்த வகை மெஷின் தேவைப்படும், அப்போது எழுது, உனக்கென்று ஒன்று பார்த்துத் தருகிறேன். இப்போது அப்பாவை 15,000 ரூபாய்க் கடனில் நிறுத்தாதே.

அண்ணன், என் வாக்கு இரண்டாவது சீட்டுக்கு. காலி ஸ்லாட் உண்டு என்று கடைக்காரர் பில்லில் எழுதித் தரட்டும். திரை டிஎன் ஆக இருந்தால் மட்டும் அதே விலையில் வேறு மாடல் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அக்கா, 1 டிபி எஸ்எஸ்டி என்று வாங்கினேன். 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
— கல்லூரி மாணவர், குழித்துறை

பதில்: இல்லை தம்பி. தயாரிக்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. சரக்கு ஒன்றுதான், படிதான் வேறு. 512 வாங்கியவர்களுக்கு 476 காட்டும்.

கேள்வி: எங்கள் வீடு பாறசாலை. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் வாங்கினால் மலிவு என்று சிலர், ஓணத்துக்குத் திருவனந்தபுரத்தில் வாங்கினால் மலிவு என்று சிலர். உண்மையில் எது?
— குடும்பத் தலைவி, பாறசாலை

பதில்: வரியால் வித்தியாசம் ஒன்றும் இல்லை. 2017 ஜூலைக்கு முன்னால் இரு மாநிலத்திலும் வாட் என்ற விற்பனை வரி தனித்தனி, அந்தக் காலத்துப் பேச்சு இன்னும் ஓடுகிறது. ஜிஎஸ்டி வந்த பிறகு லேப்டாப்புக்கு இங்கேயும் அங்கேயும் 18 சதவீதம். இடையில் 2019 ஆகஸ்டு முதல் 2021 ஜூலை வரை கேரளத்தில் வெள்ள நிவாரணத்துக்காக 1 சதவீதம் செஸ் கூடுதலாக இருந்தது. அந்த இரண்டு வருடம் எங்கள் பக்கம் வந்து வாங்கியவர்கள் நிறைய. அதுவும் முடிந்துபோயிற்று.

இப்போது விலை கூடுவதும் குறைவதும் கடையின் ஆஃபரைப் பொறுத்தது. ஓணத்துக்கு அங்கே, தீபாவளிக்கு இங்கே. ஆனால் ஆஃபரில் நிற்கும் மெஷினின் முழு மாடல் எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரே பெயரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மாறி, 8 ஜிபி 4 ஜிபியாகவும் நல்ல திரை சாதாத் திரையாகவும் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெட்டியின் மேலுள்ள சீரியல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டால் வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்று காட்டும். ஷோகேஸில் ஆறு மாதம் நின்ற மெஷின் என்றால் சிலசமயம் அதிலேயே தெரிந்துவிடும்.

கடை நடத்துகிறவர்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர் கேரள எஸ்ஜிஎஸ்டி போட்ட பில்லில் வாங்கினால் அந்த வரியை இங்கே வரவு எடுக்க முடியாது. முதலிலேயே உங்கள் கணக்கரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

கேள்வி: நாங்கள் கடற்கரையில் இருக்கிறோம். அண்ணனுக்கு வாங்கிய லேப்டாப் இரண்டு வருடத்தில் கீபோர்டு போய், யூஎஸ்பி ஓட்டையில் பச்சை பிடித்துவிட்டது. இனி எனக்கு ஒன்று வாங்க வேண்டும். உப்புக் காற்றைத் தாங்கும் லேப்டாப் உண்டா?
— மாணவி, தூத்தூர்

பதில்: மக்களே, உன் கடிதத்தைப் பார்த்ததும் நீரோடி முதல் குளச்சல் வரை எனக்கு வந்த மெஷின்கள் எல்லாம் கண்முன் வந்தன. பின்பக்கம் திறந்தால் ஃபேனுக்கு நேராக உள்ள பகுதிதான் முதலில் போயிருக்கும். ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, காற்றோடு உப்பும் வந்து போர்டில் படிகிறது. காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசிந்துவிடும். உங்கள் கரையில் ராத்திரி பெரும்பாலும் அதற்கு மேல்தான். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பைத் தின்னும். நீ பார்த்த பச்சை, செம்பில் பிடித்த களிம்பு.

கடைகளில் "மில்லிட்டரி கிரேடு" என்று ஒரு ஸ்டிக்கரைக் காட்டுவார்கள். எம்ஐஎல் 810 என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனைத் தொகுப்பு. அதில் விழுந்தால் தாங்குகிறதா, வெயில் தாங்குகிறதா, தூசி தாங்குகிறதா என்று பல சோதனைகள் உண்டு, உப்புப் பனிக்கும் ஒன்று உண்டு. எதைச் செய்வது என்று கம்பெனிதான் தேர்ந்தெடுக்கிறது. ஸ்டிக்கர் இருப்பதாலேயே எல்லாம் செய்தாயிற்று என்று அர்த்தமில்லை. ஆகவே கம்பெனித் தளத்தில் அந்த மாடலுக்கு உப்புப் பனிச் சோதனை உண்டா என்று பார்.

இன்னொரு வழி, ஃபேனே இல்லாத லேப்டாப். 2020 கடைசியிலிருந்து வரும் எம் வரிசை மேக்புக் ஏரில் ஃபேன் கிடையாது. விலை உன் வீட்டுக்கு எட்டுமா என்று தெரியவில்லை. ஃபேன் இல்லாத சின்ன விண்டோஸ் லேப்டாப்புகளும் உண்டு. படிக்க, எழுத, வகுப்பு பார்க்கப் போதும், கனமான வேலைக்கு இழுக்கும். அவற்றில் எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லு இருந்தால் வேண்டாம், அதுவும் போர்டோடு பற்றவைத்தது, வேகமும் குறைவு.

எதை வாங்கினாலும் கடல் பக்கத்து ஜன்னலோரம் வைத்து வேலை செய்யாதே. வேலை முடிந்து சூடு ஆறியதும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வை, உள்ளே நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடு. நீல நிறப் பொட்டலம் ரோஸ் நிறமாக மாறினால் மாற்று. வருடம் ஒருமுறை, ஆடிச் சாரல் ஓய்ந்ததும், திறந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கக் கொடு. அண்ணனின் மெஷினையும் தூக்கி எறிய வேண்டாம், கொண்டு வா. கீபோர்டு மட்டும் போயிருந்தால் மாற்றிவிடலாம்.

கேள்வி: கணவர் துபாயில் இருக்கிறார். மகனுக்கு அங்கிருந்தே லேப்டாப் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். இங்கே வேலை செய்யுமா? ஏர்போர்ட்டில் வரி உண்டா?
— வாசகி, புதுக்கடை

பதில்: வேலை செய்யும். சார்ஜரின் மேல் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் நம் கரண்டு போதும். அங்கத்து மூன்று பட்டைப் பிளக் நம் சுவரில் நுழையாது. அடாப்டர் கட்டி ஓட்டாமல் அந்தக் கேபிளை மட்டும் இங்கே மாற்றிவிடுங்கள். 18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம்.

மூன்றை மட்டும் வாங்கும் முன் கேட்கச் சொல்லுங்கள். இந்தியாவில் வாரண்டி செல்லுமா? சில மாடலுக்கு உண்டு, சிலவற்றுக்கு வாங்கிய நாட்டில் மட்டும். அந்த மாடல் இந்தியாவில் விற்பனையில் இருக்கிறதா? இல்லையென்றால் திரை, கீபோர்டு கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், என் அலமாரியில் இப்போதுகூட அப்படி இரண்டு நிற்கின்றன. கீபோர்டில் அரபி எழுத்து சேர்த்து அச்சிட்டிருக்கிறதா? அது இருந்தால் தப்பில்லை, ஆங்கில எழுத்து சிறிதாகிவிடும், பையனுக்குச் சம்மதமா என்று கேளுங்கள்.

கேள்வி: தினமும் ரயிலில் டெக்னோபார்க் போய் வருகிறேன். கம்பெனிகள் கழித்த பழைய லேப்டாப் 18,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தங்கைக்கு வாங்கலாமா?
— இளைஞர், இரணியல்

பதில்: வாங்கலாம் தம்பி, நான் விரும்பிச் சொல்வது அதைத்தான். கம்பெனிக்கென்று செய்த 14 இன்ச் மெஷினில் கீலும் கீபோர்டும் 40,000 ரூபாய்ப் புது மெஷினைவிட உறுதி. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்புகள்கூட இன்னும் என்னிடம் வருகின்றன. கழற்றி மாட்டும் பேட்டரி, திறக்கும் மூடி, ஸ்லாட்டில் ரேம் என்று இருந்ததால் எஸ்எஸ்டி போட்டு இன்றும் சிலர் கணக்கு எழுதுகிறார்கள்.

ஆனால் பார்த்து வாங்கு. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதே. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, ஏழாம் தலைமுறை மெஷின்களை, ஒன்றிரண்டு விலக்குத் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. பணம் கொடுக்கும் முன் விற்கிறவர் கண்ணெதிரே முழுதாக ரீசெட் செய்து, இன்டர்நெட்டில் சேர்த்துத் திறந்து பார். ஏதாவது கம்பெனியின் பெயர் காட்டி அவர்கள் ஐடி கேட்டால் அந்த மெஷின் இன்னும் அந்தக் கம்பெனிக் கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. எத்தனை மலிவானாலும் வைத்துவிட்டு வா, அந்தப் பூட்டை நியாயமாகத் திறக்க அந்தக் கம்பெனியால் மட்டும்தான் முடியும். பேட்டரி ரிப்போர்ட் எடுத்து டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி இரண்டையும் பார். 50,000-க்கு 25,000 என்றால் பாதி உயிர்தான், புதுப் பேட்டரி விலையைக் கழித்துப் பேசு.

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு வரை கேரளப் பள்ளியில் படித்தான். விண்டோஸ் இல்லாத லேப்டாப் சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— ஆசிரியர், செறுவாரக்கோணம்

பதில்: சார், உங்கள் மகனுக்கு நிச்சயமாகச் சரிப்படும். கேரள அரசுப் பள்ளிகளில், அந்த அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும் லினக்ஸில்தான் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச சிஸ்டம்) பிள்ளைகள் பழகுகிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைக்காத பழக்கம் அது. அவனே போட்டுக்கொள்வான். மேற்படிப்பில் டேலியோ விண்டோஸில் மட்டும் ஓடும் வேறு சாஃப்ட்வேரோ கட்டாயமா என்று மட்டும் கல்லூரியில் விசாரித்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல திரைக்குக் கொடுங்கள்.

கேள்வி: அலுமினிய உடம்பு லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது. மாற்றித் தர மாட்டோம் என்கிறார்கள். எங்கள் ஊரில் ஐப்பசி இடியும் பலம். பயமாக இருக்கிறது.
— வாசகி, குலசேகரம்

பதில்: அக்கா, லேப்டாப்பில் பெரும்பாலும் குற்றம் இருக்காது. சார்ஜருக்குள் இருக்கும் ஒரு சிறு கெப்பாசிட்டர் வழியாக மிகச் சொற்ப மின்சாரம் உடம்புக்கு வரும், எர்த் இருந்தால் அது அங்கே இறங்கிவிடும். உங்கள் சார்ஜர் மூன்று முள்ளா, அதை இரண்டு முள் மாற்றியில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மூன்று முள் நேராகப் போட்டும் சுர்ரென்றால் வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்து உடனே சோதிக்க வேண்டும். அது லேப்டாப்பைவிடப் பெரிய காரியம், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இடிக்கு எந்த ஸ்பைக் பாக்ஸையும் நம்பி உட்காராதீர்கள். வானம் இருட்டும்போதே பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, மின்னல் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டிவிடும். இன்டர்நெட் வயர் செம்பாக இருந்தால் அதையும் கழற்றுங்கள். சார்ஜரை உருவியதால் தப்பித்து, நெட் வயரால் போர்டு எரிந்த மெஷின்கள் ஒவ்வொரு ஐப்பசியிலும் எனக்கு வருகின்றன. அந்த ஒரு மணி நேரம் பேட்டரியில் ஓடட்டும்.

இந்தப் பக்கங்களை அனுப்பப்போகும் நேரத்தில் அருமனை அண்ணன் ஃபோன் செய்தார். மகளோடு இரண்டாவது கடைக்குப் போயிருக்கிறார். ஸ்லாட் காலிதான், பில்லில் எழுதித் தரவும் சம்மதித்தார்களாம். மகள் பக்கவாட்டில் நின்று பார்த்தபோது ஃபோட்டோவில் இருந்த முகம் கறுத்துவிட்டதாம். வாங்கவில்லை. அதே ஐ3, ஒரு ஸ்லாட் காலி, ஐபிஎஸ் திரை உள்ள மாடல் ஒன்றை வேறு கடையில் 39,400 ரூபாய்க்குச் சொல்லியிருக்கிறார்கள். கீலை மட்டும் இன்னும் பார்க்கவில்லை, நாளைக் காலை வெட்டு முடிந்து பால் ஊற்றிவிட்டுப் போகிறோம் என்றார்.